வள்ளல் பச்சையப்ப முதலியார் (1754 – 1794)

சென்னையில் படித்த நம் அன்பர்களுக்குப் பச்சையப்பன் என்றதும் கல்லூரிதான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தப் பெயருக்குரியவர் தம் வாழ்நாளில் கல்லூரி எதையும் கட்டவில்லை.

அவர் தாயின் வயிற்றில் இருக்கும்போதே தந்தை விசுவநாத முதலியார் காலமானார். ஆதரவற்ற தாயார் பூச்சியம்மாள் பிள்ளைகளுடன் சென்னைக்கு வந்தார். கும்பினியாருக்கும் நம்மவர்க்கும் இடையே மொழிபெயர்த்து வணிகம் முடித்துத் தருபவர்களைத் துபாஷிகள் என்பர். அத்தகைய துபாஷியான பவுனி நாராயண பிள்ளை இக்குடும்பத்துக்கு நிழல் தந்தார். பையன் ஆங்கிலமும் கணக்கும் கற்றது அவருடைய ஆதரவில்தான். இன்று நாம் உதவித்தொகை என்கிறோமே, அது வேறென்ன?

பின்னர் பச்சையப்பரும் துபாஷியானார். தஞ்சைச் சீமை வரை தொழில் பெருகியது, செல்வம் குவிந்தது. 1794 மார்ச்சில் உயில் எழுதினார். அம்மாதம் 31ஆம் நாள் காவிரிக்கரையில் திருவையாற்றில் சிவபதம் அடைந்தார். அப்போது வயது நாற்பதுதான்.

உயிலில் அவர் மனம் நாடியவை கோயில் கட்டளைகள், அன்னதானம் முதலிய தருமங்களே. நம் ஆலயத்தில் கட்டளை எழுதும் அன்பர்களுக்கு இம்மனம் புரியும். ஆனால் பணம் பொறுப்பாளர்கள் கையில் சிக்கியது, தருமம் நின்றது. வழக்கு பல்லாண்டுகள் இழுத்தது. தருமச் சொத்தில் கை வைப்போர் எக்காலத்திலும் உண்டு போலும்!

சென்னை சுப்ரீம் கோர்ட் தலையிட்டு மீட்டபோது, வட்டியும் சேர்ந்து தொகை பல லட்சமாகியிருந்தது. கட்டளைகளுக்கு வேண்டியதை ஒதுக்கியும் மிச்சம் இருந்தது. அதைக் கல்விக்குத் திருப்ப முன்னின்றவர் அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன். அந்நாளில் அரசாங்கப் பள்ளியில் கட்டணம் உண்டு. மிஷன் பள்ளிக்கு அனுப்பினால் பிள்ளை மதம் மாறிவிடுவானோ என்று பெற்றோர் அஞ்சினர். இவ்விரண்டுக்கும் நடுவே வழியின்றி நின்ற ஏழை இந்துச் சிறுவர்களுக்காக, 1842 ஜனவரி முதல் நாள் பச்சையப்பர் பள்ளி திறக்கப்பட்டது. ஆங்கிலத்தோடு தமிழும் தெலுங்கும் இலவசமாகக் கற்பித்தனர்.

குறை ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். ஏழை இந்துக்களுக்கு என்றிருந்தும், தாழ்த்தப்பட்ட குலத்துப் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் கதவு மூடியே இருந்தது. பிற மதத்தவர்க்கு 1947இல்தான் திறந்தது.

பள்ளி 1889இல் முதல் தரக் கல்லூரியாக உயர்ந்து, 1940இல் சேத்துப்பட்டுக்கு மாறியது. கும்பகோணத்தில் உதவித்தொகையை இழந்த கணிதமேதை ராமானுஜன் 1906இல் சேர்ந்தது இங்கேதான். கணிதம் தவிர மற்ற பாடங்கள் கைகொடுக்காமல் இங்கும் தேர்வில் தவறினார் என்பது வேறு கதை. காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்துப் பிள்ளையான அண்ணாதுரை, தம் ஊரிலிருந்த பச்சையப்பர் உயர்நிலைப் பள்ளியில் படித்து, பிறகு சென்னைக் கல்லூரிக்கு வந்தார். 1967இல் அவர் முதலமைச்சரானபோது, அந்த உயிலுக்கு வயது 173.