வெறுங்காலுடன் கிளாஸ்கோ போன சலீம்

ஸ்கொட்லாந்தில் பிற்பகல் மூன்று மணி என்றால், குளிர்காலத்தில் எங்கள் நிலாவெளியில் இரவு எட்டரை. கிளாஸ்கோவில் கடையொன்றில் வேலை செய்யும் தம்பியும் நானும் ஒரு பருவம் முழுவதும் செல்ரிக் கழகத்தின் ஆட்டங்களைத் தொலைபேசியில் பேசிப் பேசியே பார்த்தோம். அந்தக் கழகத்தில் எனக்குப் பற்று வரக் காரணம் முகமது சலீம்.

1904இல் பிறந்த சலீம் கல்கத்தாக்காரர். பிரித்தானியப் படை அணிகளும் ஆடிய கல்கத்தா லீக்கை 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்ற முகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்தின் வீரர். விளையாடியது வெறுங்காலுடன்.

1936இல், கிளாஸ்கோவில் கடை வைத்திருந்த உறவினர் ஒருவர் அவரைச் செல்ரிக்குக்கு அழைத்துப் போனார். முகாமையாளர் வில்லி மேலி இணங்கினார். கால்களில் சப்பாத்துக்குப் பதில் துணிக்கட்டு. இரண்டாம் அணிக்காக இரண்டு ஆட்டங்கள் ஆடினார். கால்ஸ்டன் அணியை 7-1 என வென்றார்கள். பத்திரிகைகள் புகழ்ந்தன. கழகம் அவரை நிறுத்திக்கொள்ள விரும்பியது. ஆனால் ஊர் நினைவு அவரை விடவில்லை. கல்கத்தாவுக்கே திரும்பினார்.

முதுமையில் அவர் நோயுற்றபோது மகன் எழுதிய கடிதத்துக்குச் செல்ரிக் 100 பவுண் அனுப்பியது. 1980இல் சலீம் மறைந்தார்.

இந்தக் கதையைச் சொன்னபோது தம்பி நெடுநேரம் பேசவில்லை. சலீமுக்குத் திரும்பிவர வீடு இருந்தது. எங்கள் வளவில் போருக்குப் பிறகு மிஞ்சியது கிணறு மட்டும். அதன் பக்கத்தில் இப்போது ஓர் அறைக்கு அத்திவாரம் போட்டிருக்கிறேன்.