எருசலேமில் கோகல்

ருஷ்ய உரைநடைக்குப் புதுவழி வகுத்தவர் நிகொலாய் வசீலியெவிச் கோகல். ‘மேல்கோட்டு’, ‘அரசு ஆய்வாளர்’, ‘இறந்த ஆன்மாக்கள்’ ஆகிய படைப்புகளால் உலகெங்கும் அறியப்பெற்றவர். அவருடைய வாழ்வில், 1848ஆம் ஆண்டு மேற்கொண்ட எருசலேம் பயணத்துக்குத் தனியிடம் உண்டு. ஆறாண்டுகள் எண்ணியெண்ணி ஏங்கிய பயணம் அது. அதைப்பற்றி அவர் ஒரு நூலும் எழுதவில்லை. அதிலிருந்து ஒரு கதையும் பிறக்கவில்லை. ஆயினும், அவருடைய இறுதி ஆண்டுகளையும், ஒரு பெருநூலை அவரே தீக்கிரையாக்கிய துயரத்தையும் புரிந்துகொள்ள விழைவோர் அப்பயணத்தை விட்டுவிட இயலாது.

இன்றைய நாட்காட்டிப்படி 1809 ஏப்ரல் முதல் நாள், உக்ரைனின் பொல்தாவாப் பகுதியிலுள்ள சரோச்சின்ஸி என்னும் ஊரில் கோகல் பிறந்தார். அவருக்கு முன் பிறந்த குழந்தைகள் தங்கவில்லை. ஆதலால் தாய் மரியா இவானொவ்னா, திக்கான்கா ஆலயத்திலிருந்த புனித நிக்கோலாஸின் திருவுருவப் படத்தின் முன் நேர்ந்துகொண்டு, பிறந்த மகனுக்கு அப்பெயரையே இட்டார். அளவிறந்த பக்தி கொண்ட அந்த அன்னை, உலக முடிவில் நிகழும் இறுதித் தீர்ப்பினையும், பாவிகளுக்கு உரிய தண்டனைகளையும் சிறுவனுக்கு விரித்துரைப்பார். அக்கதைகள் விதைத்த அச்சம் அவரை வாழ்நாள் முழுவதும் விட்டு நீங்கவில்லை. தந்தை வசீலி நகைச்சுவை நாடகங்கள் எழுதியவர். மகனுக்குப் பதினாறு வயதானபோது அவர் மறைந்தார். தந்தையின் நகைச்சுவையும் தாயின் நடுக்கமும் ஒருங்கே கோகலின் உள்ளத்தில் குடிகொண்டன.

நேழின் நகரில் கல்வி முடித்து, 1828இன் இறுதியில் அவர் தலைநகரான பீட்டர்ஸ்பர்க் வந்து சேர்ந்தார். முதலில் புனைபெயரில் வெளியிட்ட நெடுங்கவிதை ஏளனத்துக்கு ஆளாயிற்று. உடனே கடைகளிலிருந்த படிகளையெல்லாம் திரும்பப் பெற்று எரித்துவிட்டார். மனநிறைவு தராத எழுத்தைத் தீயிலிடும் வழக்கம் அவருடைய இருபதாம் வயதிலேயே தொடங்கிவிட்டது. பின்னர் உக்ரைன் கிராமக் கதைகள் அவருக்குப் பெரும்புகழ் தேடித் தந்தன. கவிஞர் புஷ்கினின் நட்பும் கிட்டியது. 1836இல் ‘அரசு ஆய்வாளர்’ நாடகம் மேடையேறியது. கையூட்டு வாங்கும் அதிகாரிகளை எள்ளி நகையாடிய அந்நாடகத்தைப் பேரரசர் முதலாம் நிகொலாயே வந்திருந்து கண்டார். ஆனால் அதிகாரிகள் வட்டாரத்தில் எழுந்த சீற்றம் கோகலைக் கலங்கச் செய்தது. அவ்வாண்டே ருஷ்யாவை விட்டு நீங்கினார். அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் பெரும்பகுதியை அயல்நாடுகளில், சிறப்பாக ரோமாபுரியில் கழித்தார்.

1842இல் ‘இறந்த ஆன்மாக்கள்’ முதற்பாகம் வெளிவந்தது. இறந்துபோன பண்ணையடிமைகளுக்கும் அடுத்த கணக்கெடுப்பு வரையில் நிலவுடைமையாளர் வரி செலுத்தவேண்டும் என்பது அந்நாளைய முறை. அப்பெயர்களை மலிவாக விலைக்கு வாங்கி, உயிருள்ளோர் போலக் காட்டி அடகு வைத்துப் பணம் பெற ஊர் ஊராக அலையும் சிச்சிக்கவ் என்பவனின் கதை அது. முதற்பாகத்தில் ருஷ்யாவின் இழிவுகளைக் காட்டிய கோகல், இரண்டாம் பாகத்தில் அதன் மேன்மையைக் காட்ட விரும்பினார். அங்கேதான் இடர் எழுந்தது. கயவரும் கஞ்சரும் அவருடைய எழுதுகோல் பட்டவுடனே உயிர்பெற்று எழுந்தனர். நல்லோரோ உயிரற்ற பதுமைகளாய் நின்றனர். தூய உள்ளத்தைப் படைக்க வேண்டுமெனில் படைப்பவனின் உள்ளம் முதலில் தூய்மையடைய வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். கலையின் சிக்கல் அவருக்கு ஆன்மாவின் சிக்கலாக மாறியது.

அவ்வாண்டின் தொடக்கத்திலேயே, ஆயர் இன்னொகெந்தி அவருக்கு ஆசி வழங்கி இயேசுபிரானின் திருவுருவப் படம் ஒன்றை அளித்திருந்தார். அதனைப் பயணத்துக்கான ஆணையாகவே கோகல் ஏற்றார். எருசலேம் சென்று புனிதக் கல்லறையில் வழிபட்டபின் நூலை முடிப்பதென நண்பர்களிடம் அறிவித்தார். ஆனால் தகுதியில்லாத நிலையில் செல்லலாகாது என்ற தயக்கம் ஆண்டுதோறும் அவரைத் தடுத்தது. 1845இல், அதுவரை எழுதிய இரண்டாம் பாகத்தை எரித்தார். 1847இன் தொடக்கத்தில் வாசகருக்குக் கிடைத்த ‘நண்பர்களுடனான கடிதங்களிலிருந்து தேர்ந்த பகுதிகள்’ என்னும் நூலின் முன்னுரையிலே தம் பயணத்தை நாடறிய வெளியிட்டு, அனைவரிடமும் மன்னிப்பு வேண்டினார். அந்நூலில் அவர் பண்ணையடிமை முறைக்கும் முடியாட்சிக்கும் ஆதரவாகப் பேசியது, அவரைப் போற்றிவந்தோரை அதிரச் செய்தது. திறனாய்வாளர் பெலின்ஸ்கி கடுஞ்சினத்தோடு கண்டித்துக் கடிதம் எழுதினார். அக்கடிதம் கையெழுத்துப் படிகளாக ருஷ்யாவெங்கும் மறைவாகப் பரவியது. அதனைக் கூட்டத்தில் படித்துக் காட்டியது, 1849இல் இளைஞர் தஸ்தயேவ்ஸ்கி மீது சாட்டப்பட்ட குற்றங்களுள் ஒன்றாயிற்று.

இனியும் பயணத்தை ஒத்திப்போட வழியில்லை. தாம் இயற்றிய ஒரு மன்றாட்டைத் தாய்க்கு அனுப்பி, ஊர்க் கோவிலில் தமக்காக வழிபாடு நடத்துமாறு வேண்டினார். 1848 ஜனவரியில், இத்தாலியில் கிளர்ச்சிகள் மூண்ட வேளையில், நேப்பிள்ஸிலிருந்து கப்பலேறினார். மால்டா சேருமுன்னரே கடல்நோய் அவரை வாட்டி வதைத்தது. கான்ஸ்டான்டிநோபிள் வழியாகப் பெய்ரூத் அடைந்தார். அங்கே ருஷ்யத் தூதராக இருந்த கன்ஸ்தந்தீன் பசீலி, நேழின் பள்ளியில் அவருடன் பயின்றவர். பசீலியின் துணையோடு சீதோன், தீர், அக்கா, நாசரேத்து ஆகிய ஊர்களின் வழியே, விலங்குகளின் மீதேறி அவர் எருசலேம் நோக்கிச் சென்றார். வழியின் இடர்களைப் பொறாமல் கோகல் ஓயாது முணுமுணுக்க, பசீலி அவரைக் கடிந்துகொள்ளவும் நேர்ந்தது. நாசரேத்தில் மழை அவர்களைத் தடுத்து நிறுத்தியது. இயேசுபிரான் வளர்ந்த ஊரில் இருக்கிறோம் என்ற நினைவே இன்றி, ருஷ்யாவின் ஏதோ ஒரு தபால் விடுதியில் வண்டிக்குக் காத்திருப்பவர்போல் அந்நாட்களைக் கழித்ததாகப் பின்னர் அவரே ஒப்புக்கொண்டார்.

பிப்ரவரியில் எருசலேம் வந்தடைந்தார். அங்குள்ள புனிதக் கல்லறை ஆலயம் கான்ஸ்தந்தீன் பேரரசர் காலத்தில் எழுப்பப்பட்டு, கி.பி. 335இல் அர்ச்சிக்கப்பட்டது. 1009இல் இடிக்கப்பட்டது, சிலுவைப் போராளர்களால் விரிவாகக் கட்டப்பெற்று 1149இல் மீண்டும் அர்ச்சிக்கப்பட்டது. 1808இல் நேர்ந்த பெருந்தீயில் சிதைந்து, அடுத்த இரண்டாண்டுகளுக்குள் செப்பனிடப்பட்டது. கோகல் கண்டது இவ்வாறு புதுக்கப்பட்ட ஆலயத்தையே. கிரேக்கரும் இலத்தீன் சபையாரும் ஆர்மீனியரும் அதன் பகுதிகளைத் தமக்குள் பங்கிட்டு வழிபட்டனர். வாயிலின் திறவுகோலோ முஸ்லிம் குடும்பத்தார் கையில் இருந்தது. நடுவே உள்ள சிறு மண்டபத்தின் உள்ளறைதான் கல்லறை. குனிந்தே நுழையவேண்டும்; மூன்று நான்கு பேருக்கு மேல் நிற்க இடமில்லை.

அங்கேதான் ஓர் இரவைக் கழிக்கும் பேறு கோகலுக்குக் கிட்டியது. கல்லறைக் கல்லே பலிபீடமாக வழிபாடு நடந்தது. குருவுக்கு மிக அருகே அவர் மட்டும் நின்றார். திருத்தொண்டர் மண்டபச் சுவருக்கு அப்பால் இருந்தார். பாடுவோரின் குரலும், மக்களின் ஒலியும் தொலைவிலிருந்து தேய்ந்து கேட்டன. ஆறாண்டுகளாக எந்தத் தருணத்துக்கு ஏங்கினாரோ அத்தருணம் அதுவே. ஆனால் அனைத்தும் கனவுபோல விரைந்து முடிந்துவிட்டது. வேண்டுதலுக்கு உள்ளம் ஒருங்கு கூடுமுன்னரே குரு நற்கருணைக் கிண்ணத்தை ஏந்தி அவர் முன் நின்றார். தாம் முறையாக மன்றாடினோமா என்பதுகூட அவருக்குத் தெளிவாகவில்லை. எதிர்பார்த்த கண்ணீர் வரவில்லை, வறட்சியே எஞ்சியது.

பேராயர் மெலெத்தியுஸ், கோகல் யாத்திரை செய்தமைக்குச் சான்றிதழ் வழங்கினார். கல்லறையின் சிறு கல்துண்டு ஒன்றையும், ஆலயக் கதவின் மரத்துண்டு ஒன்றையும் நினைவுப்பொருளாக அளித்தார். அவற்றோடு கோகல் திரும்பினார். ஏப்ரலில் ஒதெஸ்ஸாத் துறைமுகத்தில் தொற்றுநோய்த் தடுப்புக் காவலில் இருந்தபோதே, தம் ஆன்மிக வழிகாட்டியான குரு மத்வேய் கன்ஸ்தந்தீனோவ்ஸ்கிக்கு மடல் எழுதினார். எருசலேமில் இருந்தபோதும் அதன் பின்னரும் தம் நெஞ்சின் நிலை தமக்கு மனக்குறையையே தந்ததென்றும், தம் கடினமும் தன்னலமும் அங்கேதான் தெளிவாகத் தெரிந்தன என்றும் அதில் அறிக்கையிட்டார். புனிதப் பயணம் சென்று மீண்டோர் நெஞ்சுருகிப் பேசுவது உலக வழக்கு. நாடறியப் புறப்பட்டவர், ஒன்றும் பெறாமல் திரும்பினேன் என்று சொல்லத் துணிவது அரிது. கோகலின் வாழ்வில் பொய் சொன்ன தருணங்கள் பலவுண்டு. நண்பரிடமும் தாயிடமும் கற்பனை கலந்தே அவர் பேசுவார். இந்த ஒன்றில் மட்டும் அவர் தம்மைச் சிறிதும் அலங்கரித்துக் கொள்ளவில்லை.

இரண்டாண்டுகளுக்குப் பின், கவிஞர் ழுக்கோவ்ஸ்கி தாம் எழுதிவந்த காவியத்துக்காகப் பாலஸ்தீனத்தின் காட்சிகளை வருணித்து எழுதும்படி கேட்டார். ஒரு வண்டிச் சக்கரத்தை வைத்தே ஒரு மாகாணத்தை எழுப்பிக் காட்டியவரால் அது இயலவில்லை. உறக்கத்தில் நடந்தவர்போல் அந்நாட்டைக் கடந்து வந்தமையை விளக்கி விடையெழுதினார். வறண்ட குன்றுகளும், கதிரவன் மறையும் வேளையில் ஊதா நிறம் கொண்டு விளங்கிய சாக்கடலும் மட்டுமே அவர் நினைவில் நிலைத்திருந்தன.

இறுதி ஆண்டுகளில் மாஸ்கோவில் கோமகன் அலெக்சாந்தர் தல்ஸ்தோயின் இல்லத்தில் தங்கி, இரண்டாம் பாகத்தை மீண்டும் எழுதினார். ஓப்தினா மடத்துக்குச் சென்று துறவியரிடம் அறிவுரை நாடினார். எருசலேமில் கிட்டாத அமைதி அங்கும் நெடிது நிலைக்கவில்லை. 1852இன் தொடக்கத்தில், நண்பர் ஹம்யாக்கவின் மனைவி மறைந்தது அவருடைய மரண அச்சத்தைக் கிளறிவிட்டது. தவக்காலத்தில் உணவை அறவே குறைத்தார். பிப்ரவரி 23ஆம் நாள் நள்ளிரவு கடந்து, பணிப்பையனை எழுப்பிக் கணப்பின் புகைவழியைத் திறக்கச் செய்து, தம் கையெழுத்துச் சுவடிகளை ஒவ்வொன்றாகத் தீயிலிட்டார். பின்னர் படுக்கையில் விழுந்து அழுதார். மருத்துவர்கள் அட்டைகளை விட்டுக் குருதி எடுத்தும், குளிர்நீர் ஊற்றியும் அவரை மேலும் வாட்டினர். மார்ச் 4ஆம் நாள், 43 வயது நிறையுமுன், அவர் உயிர் பிரிந்தது. எஞ்சிய பழைய வரைவுகளிலிருந்து இரண்டாம் பாகத்தின் சில இயல்கள் 1855இல் அச்சேறின.

தூய்மை பெற்றால் நூல் முடியும் என்று கோகல் நம்பினார். தூய்மையை நாடிய பாதையில் எருசலேம் வரை சென்றார். அக்கல்லறை அவருக்கு அருளியது தம்மைக் காணும் கண் ஒன்றை மட்டுமே. சிச்சிக்கவையும் அதிகாரிகளையும் ஒளிவுமறைவின்றிக் கண்ட அதே கண், அங்கே அவரை நோக்கித் திரும்பியது. அப்பார்வையைத் தாங்கும் வலிமை அவருடைய மெலிந்த உடலுக்கும் நெஞ்சுக்கும் இல்லாமற் போயிற்று. ஆயினும், கல்லறையின் முன் நின்ற அந்த வறண்ட இரவைப்பற்றி அவர் விட்டுச்சென்ற நேர்மையான சொற்கள் சிலவே, எரிந்துபோன பெருநூலுக்கு ஈடாக இன்று எஞ்சி நிற்கின்றன.