மரையை நேராக்கிய மனிதர் – ஹென்றி மாட்ஸ்லே



நம் ஊர்ப் பேச்சில் திருகு என்ற சொல் எத்தனை வேஷம் போடுகிறது என்று யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா? அம்மா காதில் தோடு நிற்பது திருகாணியால். பாடம் ஒப்பிக்காவிட்டால் வாத்தியார் திருகுவது நம் காதை. ஏமாற்று வேலைக்குத் திருகுதாளம் என்று பெயர். எவனாவது சம்பந்தா சம்பந்தமில்லாமல் பேசினால், அவனுக்கு மரை கழண்டு போச்சு என்று ஒரே வரியில் முடித்து விடுகிறோம். ஒர்க்‌ஷாப்பில் நுழைந்தாலோ கேட்கவே வேண்டாம்! போல்ட், நட், பெஞ்ச் வைஸ், மைக்ரோமீட்டர், லேத்தின் லீட் ஸ்க்ரூ என்று தொட்டதெல்லாம் மரை. கப்பலைத் தள்ளும் புரொப்பெல்லருக்குக்கூட ஸ்க்ரூ என்றுதான் பெயர்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். முக்கோணமாக வெட்டிய காகிதத்தைப் பென்சிலில் சுற்றிப் பாருங்கள். சாய்ந்த ஓரம் பென்சிலைச் சுற்றி ஏறிப் போகும். அதுதான் மரை. ஒரு சுற்று சுற்றினால் ஒரு பிட்ச் நகரும். நிறையச் சுற்ற வைத்துக் கொஞ்சமாக நகர்த்தி, அதற்கு ஈடாகப் பெரிய பலத்தைத் தரும். ஒல்லிப்பிச்சான் கிளீனர் பையன் ஸ்க்ரூ ஜாக்கியை வைத்து லோடு வண்டியைத் தூக்கி விடுவது இப்படித்தான்.

திருகுச் சுருளால் தண்ணீர் இறைப்பது ஆர்க்கிமிடீஸ் பேரிலேயே வழங்குகிறது. அதாவது மரை 2000 வருஷத்துக்கும் மேல் பழைய சங்கதி. ஆனால் உலோகத்தில் பிசகில்லாத மரை சாதாரணப் பட்டறைக்கும் கிடைக்க ஆரம்பித்தது சுமார் 200 வருஷமாகத்தான். அதற்கு வழி செய்தவர்களில் முன்வரிசையில் நிற்பவர், பள்ளிக்கூடப் படிப்பை நம்பி வளராத ஒரு தொழிலாளி. அவர் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

வெடிமருந்து நிரப்பிய சிறுவன்

ஹென்றி மாட்ஸ்லே 1771 ஆகஸ்ட் 22 அன்று லண்டனை அடுத்த வுல்விச்சில் பிறந்தார். அப்பா ராணுவத்தில் இருந்து காயம்பட்டு, பிறகு அங்கிருந்த அரசு ஆயுதச் சாலையில் வேலை பார்த்தவர். மகன் சின்னப் பையனாக இருக்கும்போதே அவர் இறந்து போனார். 12 வயதில் ஹென்றியும் அதே ஆயுதச் சாலைக்கு வேலைக்குப் போனார். தோட்டாக்களில் வெடிமருந்து நிரப்புகிற வேலை. இரண்டு வருஷம் கழித்துத் தச்சுப் பிரிவுக்கு மாற்றினார்கள். பையனுக்கு மனசெல்லாம் பக்கத்தில் இருந்த கொல்லுப் பட்டறையிலேயே இருந்தது. 15 வயதில் அங்கே சேர்ந்தார். சீக்கிரமே இரும்பு அவர் சொன்னபடி கேட்க ஆரம்பித்தது.

அந்தச் சமயத்தில் லண்டனில் ஜோசப் பிராமா என்பவர் ஒரு புதுவிதப் பூட்டைக் கண்டுபிடித்து 1784-ல் காப்புரிமை வாங்கியிருந்தார். பிரச்சினை என்னவென்றால், அதைச் செய்கிற அளவுக்குக் கை சுத்தமான ஆள் கிடைக்கவில்லை. யாரோ மாட்ஸ்லே பேரைச் சொல்ல, 1789-ல் அவரை வரவழைத்தார். அப்போது அவருக்கு வயது 18. நம்ம வயசு!

முறைப்படி யாரிடமும் தொழில் பழகி முடித்தவர் இல்லை என்பதால் பட்டறையில் தயங்கினார்கள். தேய்ந்து போன பழைய பெஞ்ச் வைஸ் ஒன்றைக் காட்டி, சாயங்காலத்துக்குள் இதைச் சரி செய்யட்டும் என்றார்கள். அவர் அதன் தாடைகளுக்குப் புது எஃகு வைத்து, அரம் போட்டு, பதமேற்றி, சொன்ன நேரத்துக்குள் முடித்து விட்டார். அதற்கு மேல் சர்ட்டிபிகேட் எதற்கு? வேலை கிடைத்தது. கொஞ்ச நாளில் அந்தப் பட்டறைக்கே ஃபோர்மேன் ஆனார்.

பிராமா தன் பூட்டில் ஒன்றைக் கடை ஜன்னலில் வைத்து, சாவியில்லாமல் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவித்தார். 1851-ல்தான் அமெரிக்கப் பூட்டுக்காரர் ஹாப்ஸ் அதைத் திறந்தார். அதற்கும் 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் ஆயிற்று. அந்தப் பூட்டைச் செய்த கை மாட்ஸ்லேயின் கை. பெயர் மட்டும் பிராமா பூட்டு!

முப்பது ஷில்லிங்

எட்டு வருஷம் உழைத்தார். கல்யாணம் ஆகிப் பிள்ளைகளும் பிறந்தாயிற்று. சம்பளம் வாரத்துக்கு 30 ஷில்லிங். கொஞ்சம் கூட்டித் தரக் கேட்டார். பிராமா முகத்தில் அடித்த மாதிரி மறுத்து விட்டார். 1797-ல் மாட்ஸ்லே வெளியே வந்து, லண்டன் வெல்ஸ் தெருவில் சின்னதாகச் சொந்தப் பட்டறை போட்டார். முதலில் வந்த வேலை, ஓர் ஓவியருக்குப் படம் வைத்து வரைய ஒரு பெரிய இரும்புச் சட்டம். எதுவாக இருந்தால் என்ன? சுத்தமாகச் செய்து கொடுத்தார்.

முதல் மரையை எதை வைத்து வெட்டுவது?

அந்தக் காலத்தில் மரையைப் பெரும்பாலும் கையால்தான் வெட்டினார்கள். சுற்றுகிற உருளையில் டூலைக் கையால் பிடித்து இழுப்பார்கள். இல்லையென்றால் கோடு போட்டு உளியாலும் அரத்தாலும் ராவுவார்கள். கை கொஞ்சம் நடுங்கினால் பிட்ச் மாறிவிடும். அதனால் ஒவ்வொரு போல்ட்டுக்கும் அதனதன் நட்டுதான் சேரும். இயந்திரத்தைக் கழற்றினால் ஜோடி மாறாமல் அடையாளம் போட்டு வைக்க வேண்டும். ஒன்று தொலைந்தால் புதிதாகச் செய்ய வேண்டியதுதான்!

1800-ஐ ஒட்டி மாட்ஸ்லே செய்த லேத் இதை மாற்றியது. டூலைக் கையிலிருந்து வாங்கி, இரும்பு ஸ்லைடு ரெஸ்ட்டில் இறுக்கிக் கட்டினார். அந்த ரெஸ்ட்டை ஒரு லீட் ஸ்க்ரூ நகர்த்தும். லீட் ஸ்க்ரூவையும் ஸ்பிண்டிலையும் பல் சக்கரங்கள் இணைக்கும். சக்கரத்தை மாற்றினால் பிட்ச் மாறும். நாம் போடுகிற கணக்குதான் இது. லீட் ஸ்க்ரூ பிட்ச் 6 மி.மீ., வெட்ட வேண்டியது 1.5 மி.மீ. என்றால் விகிதம் 1:4. ஓட்டும் சக்கரத்துக்கு 20 பல், ஓடும் சக்கரத்துக்கு 80 பல். தேர்வில் இரண்டு மார்க்குக்கு எழுதுகிறோமே, அந்தக் கணக்குக்குப் பின்னால் இப்படி ஒரு மனிதர் இருக்கிறார்.

இந்த எண்ணம் அவர் ஒருவருக்கே வந்ததல்ல. அவருக்கு முன்பே இங்கிலாந்தில் ராம்ஸ்டன், நுட்பமான கருவிகளுக்காக மரை வெட்டும் லேத் செய்திருந்தார். அதை முழுக்க உலோகத்தில், உறுதியாக, எல்லாப் பட்டறை வேலைக்கும் ஆகும்படி செய்ததுதான் மாட்ஸ்லேயின் பெருமை.

இங்கே ஒரு சந்தேகம் வரும். நல்ல மரை வெட்ட நல்ல லீட் ஸ்க்ரூ வேண்டும். அந்த லீட் ஸ்க்ரூவே ஒரு மரைதானே? முதல் மரையை எதை வைத்து வெட்டுவது? கோழி முந்தியா, முட்டை முந்தியா கதைதான்!

மாட்ஸ்லே மரம் போன்ற மென்மையான பொருளில் உருளை செய்து, பிறை வடிவக் கத்தியைக் கணக்கிட்ட கோணத்தில் சாய்த்து அதன் மேல் அழுத்தினார். உருளை சுற்றச் சுற்றக் கத்தி தானாகவே மரைப் பாதையில் நகர்ந்து போனது. அப்படிக் கிடைத்தவற்றில் நல்லதைப் பொறுக்கி எஃகுக்கு மாற்றினார். அதிலும் பிழை இருக்கும். அளந்து, திருத்தி, அதை வைத்து இன்னொன்று வெட்டினார். இப்படி ஒவ்வொரு மரையும் தன்னை விட நல்ல மரையைப் பெற்றுக் கொடுத்தது. பிற்பாடு அவர் செய்த ஒரு ஸ்க்ரூ 5 அடி நீளம், 2 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 50 மரை. அதன் நட்டு மட்டும் 12 அங்குலம். உள்ளே 600 மரை! வானியல் கருவிகளின் அளவுகோல்களைப் பிரிக்க அது பயன்பட்டது.

அளப்பதற்கும் மரையையே பிடித்தார். 1805-ஐ ஒட்டி அவர் செய்த பெஞ்ச் மைக்ரோமீட்டரில் அங்குலத்துக்கு 100 மரை, சுற்றும் தட்டில் 100 பிரிவு. ஆக, ஒரு பிரிவு என்பது அங்குலத்தில் 10,000-ல் ஒரு பங்கு. தலைமுடிக் கனத்தில் ஏறக்குறைய இருபது முப்பதில் ஒரு பங்கு! பட்டறையில் அளவுச் சண்டை வந்தால் அது சொல்வதே முடிவு. அதனால் அன்றைக்கு நாட்டின் நீதித்துறைத் தலைவராக இருந்தவரின் பதவிப் பெயரான லார்டு சான்சலர் என்பதையே அதற்கு வைத்தார்கள். அந்த லேத்தும் இந்த மைக்ரோமீட்டரும் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

பத்துப் பேரும் நூற்றுப் பத்துப் பேரும்

பாய்மரக் கப்பல்களுக்கு மரக் கப்பிகள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்ட காலம். மார்க் பிரூனல் வகுத்த திட்டப்படி, போர்ட்ஸ்மத் கப்பல்துறைக்காக 40-க்கும் மேற்பட்ட இயந்திரங்களை மாட்ஸ்லே 1802 முதல் செய்து கொடுத்தார். தொழில் தெரிந்த 110 பேர் செய்த வேலையை, தொழில் தெரியாத 10 பேர் செய்தார்கள். 1808-ல் அங்கே ஒரு வருஷத்தில் 1,30,000 கப்பிகள் தயாராயின.

இதைப் படித்ததும் கை தட்டத் தோன்றும். எனக்கு மீதி 100 பேர் என்ன ஆனார்கள் என்றும் தோன்றியது. என் அப்பா சைக்கிள் கடை வைத்திருப்பவர். கை வேலையை நம்பி வாழ்கிற வீட்டில் அந்தக் கேள்வி வராமல் இருக்காது. ஆனால் அதே கடையில் இன்னொன்றையும் பார்க்கிறேன். அப்பாவிடம் பழைய நட்டுகள் போட்ட தகர டப்பா ஒன்று இருக்கிறது. யார் சைக்கிள் வந்தாலும் அதற்குள் விரலை விட்டு ஒன்றை எடுப்பார். போல்ட்டில் சரக்கென்று ஏறிவிடும். எங்கேயோ, எப்போதோ, யாரோ செய்த நட்டு! எல்லா மரையும் ஒரே கணக்கில் இருப்பதால்தான் அந்த டப்பாவுக்கு மதிப்பு. இயந்திரம் 100 பேர் கைவேலையைப் பறித்ததும் நிஜம். அதே துல்லியத்தால் எங்கோ ஒரு சின்னக் கடைக்காரர் பிழைப்பதும் நிஜம். இரண்டையும் தெரிந்து வைத்துக்கொண்டுதான் நாம் இயந்திரத்தைத் தொட வேண்டும்.

பட்டறையா, கல்லூரியா?

1810-ல் லண்டனின் லாம்பத் பகுதிக்கு மாறிய அவர் பட்டறை, நிஜத்தில் ஒரு கல்லூரி. தன் பட்டறையில் எல்லா மரையும் குறிப்பிட்ட அளவுகளில்தான் இருக்க வேண்டும் என்று ஒழுங்கு செய்தார். உண்மையான சமதளம் எது என்று பார்த்துக்கொள்ளத் தொழிலாளர் மேஜைகளில் சர்ஃபேஸ் பிளேட் வைத்தார். தெரிந்ததை ஒளிக்கவில்லை. அங்கே பழகியவர்களில் ஜேம்ஸ் நாஸ்மித் பிறகு நீராவிச் சம்மட்டி செய்தார். ஜோசப் விட்வர்த், பல பட்டறைகளின் மரைகளைச் சேகரித்து ஒப்பிட்டு, 1841-ல் 55 டிகிரி கோணத்தில் ஒரு பொது அளவை முன்வைத்தார். நாம் படிக்கும் பி.எஸ்.டபிள்யூ. மரை அதுதான். 1864-ல் அமெரிக்காவில் செல்லர்ஸ் 60 டிகிரியைச் சொன்னார். இன்றைய மெட்ரிக் மரையும் 60 டிகிரி. மாட்ஸ்லே பெயரில் ஒரு மரையும் இல்லை! ஆனால் முதலில் ஒரு பட்டறைக்குள் எல்லா மரையும் ஒன்றாக இருக்க முடியும் என்று காட்டியதால்தான், ஒரு நாடே ஒன்றாக இருக்கலாம் என்று அவர் மாணவர் யோசிக்க முடிந்தது.

1831 பிப்ரவரி 14 அன்று மாட்ஸ்லே காலமானார். வயது 59. வுல்விச்சில் அவர் அடக்கமான இடத்து நினைவுச் சின்னத்தை அவரே வார்ப்பிரும்பில் வடிவமைத்திருந்தார். பிறகு அவர் நிறுவனம் எச்.எம்.எஸ். ராட்லர் கப்பலுக்கு இன்ஜின் செய்தது. புரொப்பெல்லரால் ஓடிய அந்தக் கப்பல், 1845-ல் துடுப்புச் சக்கரக் கப்பலான அலெக்டோவைக் கயிற்றில் கட்டிப் பின்னோக்கி இழுத்துக் காட்டியது. அங்கேயும் ஜெயித்தது திருகுதான்!

நண்பர்களே! டிப்ளமோதானே என்று நம்மை அலட்சியமாகப் பேசுபவர்கள் உண்டு. நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். பாடத்தில் சந்தேகம் என்றால் வீட்டில் கேட்க ஆளில்லை. அதாவது லீட் ஸ்க்ரூ இல்லாமல் வெட்டப்படும் முதல் மரை நாம். அதில் கொஞ்சம் கோணல் இருக்கத்தான் செய்யும். மாட்ஸ்லேயின் முதல் மரையிலும் பிழை இருந்தது. அவர் அதைத் தூக்கி எறியாமல், அளந்து பார்த்துத் திருத்தினார். நாமும் நம்மை அளந்து திருத்திக் கொள்வோம். கற்றதை ஒளிக்காமல், நமக்குப் பின் வரும் தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம். அவர்கள் மரை நம்முடையதை விட நேராக இருக்கும்!

– இரண்டாமாண்டு இயந்திரவியல் மாணவன்