சிறைக் கதவைத் திறந்த போலீஸ் அதிகாரி



போலீஸ்னா யாரு? திருடனைப் பிடிச்சு ஜெயில்ல போடுறவர். நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன். ஆனால் ஜெயிலில் கிடந்த ஆயிரக்கணக்கான பேர் வெளியே வரக் காரணமாக இருந்த ஒரு போலீஸ் அதிகாரியைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அவர்தான் கே.எஃப். ருஸ்தம்ஜி.

இவர் 1916ம் ஆண்டு மே 22ம் தேதி, நாக்பூர் பக்கத்தில் உள்ள காம்ப்டி என்ற ஊரில், பார்சி குடும்பத்தில் பிறந்தார். 1938ம் ஆண்டு, வெள்ளைக்காரர் ஆட்சியிலேயே போலீஸ் அதிகாரி ஆனார். 1952 முதல் சுமார் ஆறு வருடம் பிரதமர் நேருவின் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தார். நேருவோ கூட்டத்தைப் பார்த்தால் உள்ளே புகுந்துவிடுவார். அவர் பின்னாலேயே ஓடுவது சாதாரண வேலையா!

1958ல் மத்தியப் பிரதேச போலீஸின் தலைவர் ஆனார். அப்போது சம்பல் பள்ளத்தாக்கில் கொள்ளைக்காரர்கள் கொட்டம். ஊர் மக்களை நடுங்கவைத்த கப்பர் சிங்கை இவருடைய போலீஸ்தான் 1959ல் சுட்டு வீழ்த்தியது. 'ஷோலே' படத்தில் வில்லனுக்கு வைத்த பெயர் இவனுடைய பெயர்தான்!

1965ல் பாகிஸ்தானோடு போர் நடந்தது. எல்லையைக் காக்க தனிப்படை வேண்டும் என்று அரசு முடிவு செய்தது. அந்த வருடம் டிசம்பர் 1ம் தேதி எல்லைப் பாதுகாப்புப் படை உருவானது. அதன் முதல் தலைவர் ருஸ்தம்ஜி. 1974 வரை அந்தப் படையை வளர்த்தார்.

இவ்வளவும் பெரிய சாதனைதான். ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்தது இதற்கப்புறம் நடந்ததுதான்.

1977ல் அமைத்த தேசிய போலீஸ் கமிஷனில் இவரும் ஒரு உறுப்பினர். அந்த வேலையாக பீகார் சிறைகளுக்குப் போனார். அங்கே பார்த்தால், விசாரணையே முடியாமல் வருடக் கணக்கில் ஏழைகள் அடைபட்டுக் கிடந்தார்கள். பெண்களும் சிறுவர்களும்கூட இருந்தார்கள். சிலர் பத்து வருடத்துக்கும் மேலே! குற்றம் நிரூபணமாகி தண்டனை கிடைத்திருந்தால்கூட அதற்குள் வெளியே வந்திருப்பார்கள். ஜாமீன் கட்டப் பணமில்லை, வக்கீல் வைக்க வழியில்லை. அவ்வளவுதான் அவர்கள் குறை.

ருஸ்தம்ஜி பேசாமல் திரும்பி வந்திருக்கலாம். ஆனால் பார்த்ததை எழுதினார். 1979 ஜனவரியில் இந்தியன் எக்ஸ்பிரஸ் பத்திரிகையில் அது வெளிவந்தது. அதைப் படித்த வக்கீல் கபிலா ஹிங்கோரானி சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டார். அதுதான் ஹுசைனாரா காத்தூன் வழக்கு. வழக்கைச் சீக்கிரம் விசாரிப்பது அடிப்படை உரிமை, ஏழைக்கு இலவச வக்கீல் தரவேண்டும் என்று கோர்ட் சொன்னது. சுமார் 40,000 பேர் விடுதலை ஆனதாகச் சொல்கிறார்கள். இன்றைக்கு நாம் கேள்விப்படும் பொதுநல வழக்குக்கெல்லாம் இது ஒரு முன்னோடி.

1991ல் இவருக்கு பத்ம விபூஷண் விருது கிடைத்தது. 2003 மார்ச்சில் காலமானார்.

நண்பர்களே! வகுப்பில் ஒரு பேனா காணாமப் போனா போதும், விசாரிக்காமலே ஒருத்தன் பேரைச் சொல்லிடுறோம். நானும் சொல்லியிருக்கேன். பாவம், அவன் மனசு என்ன பாடுபட்டிருக்கும்! இனிமே அப்படிச் சொல்றதுக்கு முன்னாடி எனக்கு ருஸ்தம்ஜி ஞாபகம் வருவார். உங்களுக்கும் வரட்டும்.