கரடிப் பொம்மையும் பாதி ஆப்பிளும்

ஒருவர் இறந்த பிறகு அவருடைய பெட்டியைத் திறந்து பார்த்தால் பல விஷயங்கள் தெரியவரும். பழைய கடிதம் இருக்கும். மங்கிய போட்டோ இருக்கும். உயிரோடு இருந்தபோது வாய் திறந்து சொல்லாத ரகசியத்தை அந்தச் சாமான்கள் சொல்லிவிடும். கோவில்பட்டி பக்கத்து இளையரசனேந்தலில் ஆனாலும் சரி, லண்டன் மாநகரத்தில் ஆனாலும் சரி, இது எல்லா வீட்டுக்கும் பொது.

உலகப் புகழ் பெற்ற ஒரு மேதையின் சாமான்களும் அப்படித்தான். அவர் பெயர் ஆலன் டூரிங். இன்று உலகமெங்கும் இருக்கிற கம்ப்யூட்டருக்கு வழி காட்டியவர்களில் முதன்மையானவர் அவர்.

அவரிடம் ஒரு ரகசியம் இருந்தது. அவர் மனம் பெண்களை நாடவில்லை, ஆண்களையே நாடியது. இது அவரது பிறவி இயல்பு. ஆனால் அந்தக் காலத்து இங்கிலாந்தில் அது ஜெயில் தண்டனைக்குரிய குற்றம்!

போத்தனூரில் பிறந்த தாய்

ஆலன் வெள்ளைக்காரர். ஆனாலும் அவருடைய குடும்பக் கதை நம் நாட்டில்தான் தொடங்குகிறது.

தந்தை ஜூலியஸ் டூரிங், ஐ.சி.எஸ். அதிகாரி. தமிழ் படித்துப் பரீட்சையில் தேறி, 1896-ம் ஆண்டில் மதராஸ் ராஜதானிக்கு உத்தியோகத்துக்கு வந்தார். தாய் சாரா, கோவையை அடுத்த போத்தனூரில் 1881-ல் பிறந்தவர். சாராவின் தந்தை ரெயில்வே என்ஜினீயர். ஆலனின் அண்ணன் ஜான் பிறந்தது குன்னூரில்.

ஆலன் மட்டும் 1912 ஜூன் 23-ந் தேதி லண்டனில் பிறந்தான். பெற்றோர் இந்தியாவுக்குத் திரும்பிவிட்டார்கள். ஒன்றேகால் வயதுக் குழந்தையை, ஓய்வு பெற்ற கர்னல் ஒருவர் வீட்டில் அண்ணனோடு விட்டுவிட்டார்கள். தாய் மடியில் விளையாட வேண்டிய வயதில், ஆலன் ஊரார் வீட்டில் வளர்ந்தான்.

வருடங்கள் ஓடின. 1934-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் வந்தது. ஆலனுக்கு அப்போது 22 வயது. கேம்பிரிட்ஜில் கணிதப் பட்டதாரி. என்ன பரிசு வேண்டும் என்று வீட்டார் கேட்டார்கள். அவர் கேட்டது ஒரு கரடிப் பொம்மை! சிறு வயதில் தனக்கு அப்படி ஒரு பொம்மை இருந்ததே இல்லை என்றார்.

பொம்மை வந்தது. அதற்குப் 'போர்ஜி' என்று பெயர் வைத்தார். அதைக் கணப்பு அடுப்பின் அருகே உட்கார வைப்பார். அதன் முன்னால் ஒரு புத்தகத்தைத் திறந்து வைப்பார். இன்று போர்ஜி மும்முரமாகப் படிக்கிறான் என்று பார்க்க வருபவர்களிடம் வேடிக்கையாகச் சொல்வார்.

மேஜை மேல் போட்டோ

ஷெர்போர்ன் என்ற ஊரில் பள்ளியில் படித்தபோது ஆலனுக்கு ஒரு நண்பன் கிடைத்தான். பெயர் கிறிஸ்டோபர் மார்கம். ஒரு வகுப்பு மேலே படித்தவன். இருவரும் கணக்குப் போடுவார்கள். நட்சத்திரங்களைப் பற்றிப் பேசுவார்கள். ஆலனுக்கு முதல் காதல் அந்த நண்பனிடம்தான். ஆனால் அதை மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டான்.

1930 பிப்ரவரி 13-ந் தேதி கிறிஸ்டோபர் இறந்துவிட்டான். சிறு வயதில் குடித்த பசும்பாலில் இருந்த காசநோய்க் கிருமிதான் காரணம். ஆலன் துடித்துப் போனான். நண்பனின் தாயாருக்குக் கடிதம் எழுதி, ஒரு போட்டோ கேட்டு வாங்கினான். அதை மேஜை மேல் வைத்துக்கொண்டு படித்தான். நன்றாக உழைக்கும்படி அந்தப் படம் தன்னை ஊக்குவதாக அந்தத் தாயாருக்கு எழுதினான்.

நண்பன் சாதிக்க நினைத்ததைத் தான் சாதிக்க வேண்டும் என்ற வேகம் பிறந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1936-ல், மனிதன் போடும் கணக்கை யந்திரம் எப்படிப் போட முடியும் என்று விளக்கும் கட்டுரையை எழுதி முடித்தார். இன்றைய கம்ப்யூட்டருக்கு அஸ்திவாரம் அதுதான்.

சங்கிலி போட்ட கோப்பை

1939-ல் இரண்டாவது உலக யுத்தம் மூண்டது. ஹிட்லரின் படைகள் 'எனிக்மா' என்ற யந்திரத்தின் மூலம் ரகசியச் செய்திகளை அனுப்பின. பார்ப்பதற்கு டைப்ரைட்டர் போல இருக்கும். ஓர் எழுத்தைத் தட்டினால் வேறு எழுத்து வரும். அந்த மர்மத்தை உடைக்கும் முதல் வேலையைப் போலந்துக் கணித அறிஞர்கள் செய்தார்கள். பிளெட்ச்லி பார்க் என்ற இடத்தில் டூரிங் அதைத் தொடர்ந்தார். ரகசியத்தை விரைவாகக் கண்டுபிடிக்கும் யந்திரம் ஒன்றை வடிவமைத்தார். இங்கிலாந்துக்கு உணவு கொண்டுவந்த கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடித்து வந்தன. அந்த நீர்மூழ்கிகளின் செய்திகளும் பிடிபட்டன.

அங்கே அவருடைய சாமான்கள் எல்லாருக்கும் வேடிக்கை! டீ குடிக்கும் கோப்பையை யாரும் எடுத்துவிடாதபடி சங்கிலியால் கட்டிப் பூட்டி வைத்தார். அவர் சைக்கிளின் சங்கிலி அடிக்கடி கழன்றுவிடும். எத்தனை சுற்றுக்கு ஒரு தடவை கழலுகிறது என்று எண்ணிக் கண்டுபிடித்தார். அந்தச் சுற்று வருவதற்குள் இறங்கிச் சரி செய்துவிடுவார். பூந்தாது காற்றில் பறக்கும் மாதத்தில், தும்மலுக்குப் பயந்து, விஷவாயு முகமூடி அணிந்துகொண்டு சைக்கிளில் போவார்.

திருப்பிக் கொடுத்த வாக்கு

அங்கே வேலை பார்த்த ஜோன் கிளார்க் என்ற பெண் கணிதத்தில் கெட்டிக்காரி. 1941-ல் இருவருக்கும் கல்யாணம் நிச்சயம் ஆயிற்று. டூரிங் மோதிரம் கொடுத்தார். ஆனால் அவரை ஏமாற்ற மனம் வரவில்லை. இரண்டொரு நாளில் தன் இயல்பை மறைக்காமல் சொல்லிவிட்டார். ஜோன் அதிர்ச்சி அடையவில்லை. இருந்தாலும் சில மாதங்களில் டூரிங் நிச்சயத்தை முறித்தார். ஒரு பெண்ணின் வாழ்வு பாழாகக் கூடாது என்று நினைத்தார். இருவரும் நண்பர்களாகவே இருந்தார்கள்.

யுத்தம் முடிந்தது. 1946-ல் சர்க்கார் அவருக்கு 'ஓ.பி.இ.' பதக்கம் கொடுத்தது. அதை அவர் எங்கே வைத்தார் தெரியுமா? ஆணியும் திருகாணியும் கிடந்த கருவிப் பெட்டியில்!

புகார் கொடுத்தவரே குற்றவாளி

1952 ஜனவரியில் மான்செஸ்டர் அருகே அவர் வீட்டில் திருட்டு நடந்தது. அவரே போலீசில் புகார் செய்தார். விசாரணையில், ஒரு வாலிபருடன் அவருக்கு இருந்த தொடர்பு வெளிவந்தது. அவர் மறைக்கவில்லை. அவ்வளவுதான்! போலீசார் அவர் மீதே வழக்குப் போட்டார்கள்.

மார்ச் 31-ந் தேதி கோர்ட்டு அவரைக் குற்றவாளி என்றது. ஜெயிலுக்குப் போகாமல் இருக்க வேண்டுமானால், ஆசையை அடக்கும் மருந்தை ஓர் ஆண்டு ஏற்க வேண்டும். டூரிங் மருந்தை ஏற்றார். அவர் உடலில் மாறுதல்கள் தோன்றின. சர்க்காரின் ரகசிய வேலைகளும் பறிபோயின. யுத்தத்தில் அவர் செய்த உதவியை வெளியே சொல்லவும் முடியாது. அது பல ஆண்டுகள் ராணுவ ரகசியமாகவே இருந்தது.

1954 ஜூன் 8-ந் தேதி, வேலைக்காரப் பெண் அவரைக் கட்டிலில் பிணமாகக் கண்டாள். அருகே பாதி கடித்த ஆப்பிள் கிடந்தது. விஷம்தான் காரணம். வயது 41. தற்கொலை என்றது விசாரணை. தாய் சாரா ஒப்பவில்லை. வீட்டில் ஸ்பூனுக்குத் தங்க முலாம் பூசும் சோதனைக்கு மகன் விஷ மருந்து வைத்திருந்தான். கவனக் குறைவால் நேர்ந்த விபத்து என்றே கடைசிவரை நம்பினார். அந்த ஆப்பிளை யாரும் பரிசோதிக்கவே இல்லை.

திரும்பி வந்த பதக்கம்

1959-ல் தாயே மகனின் சரித்திரத்தைப் புத்தகமாக எழுதினார். அதில் இந்த வழக்கைப் பற்றிப் பேச்சே இல்லை. 1965-ல் மகனின் பதக்கத்தையும் மற்றப் பொருள்களையும் ஷெர்போர்ன் பள்ளிக்குக் கொடுத்தார். 1984-ல் அவை களவு போயின. 2018-ல் அமெரிக்காவில் பிடிபட்டு, 2023-ல் பள்ளிக்கே திரும்பின.

நியாயமும் இப்படித்தான் தாமதமாக வந்தது. இங்கிலாந்தில் அந்தச் சட்டம் 1967-ல் தளர்ந்தது. 2009-ல் பிரதமர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். 2013-ல் ராணி மன்னிப்பு வழங்கினார். 2021-ல் 50 பவுன் நோட்டில் டூரிங்கின் படம் வந்தது.

தந்தை அதிகாரம் செலுத்திய நம் நாட்டிலும், வெள்ளைக்காரர் 1860-ல் இயற்றிய 377-வது பிரிவு இருந்தது. வயது வந்தவர்கள் மனம் ஒத்துப் பழகுவது குற்றம் அல்ல என்று 2018 செப்டம்பர் 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

பிளெட்ச்லி பார்க் இன்று பொருட்காட்சி சாலை. பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து பார்க்கிறார்கள். கரடிப் பொம்மை போர்ஜி அங்கேதான் இருக்கிறது.