மண்ணுக்கு மருத்துவம் செய்த மாமனிதர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்)

கடலைக் காட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். அறுவடையின்போது செடியைப் பிடுங்கி மண்ணை உதறினால் வேர்களில் கடுகளவு முடிச்சுகள் ஒட்டியிருக்கும். அவற்றைச் செடிக்கு வந்த நோய் என்றே வெகுகாலம் எண்ணியிருந்தேன். கல்லூரிக்கு வந்து நுண்ணோக்கியின் கீழ் பார்த்த பிறகுதான், காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தழைச்சத்தாக மாற்றும் பாக்டீரியாக்களின் குடியிருப்பு அவை என்று அறிந்தேன். அன்று வகுப்பில் எங்கள் பேராசிரியர் ஒரு பெயரைச் சொன்னார். ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்பது அந்தப் பெயர். நூலகத்தில் தேடி அவர் வாழ்க்கையைப் படித்தேன். படித்ததை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

அடிமைக் குடிசையில்

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் டயமண்ட் குரோவ் என்றொரு சிற்றூர். அங்கே மோசஸ் கார்வர் என்ற வெள்ளைக்கார விவசாயியின் பண்ணையில், மேரி என்னும் அடிமைப் பெண்ணின் மகனாக, 1864ஆம் ஆண்டையொட்டி ஜார்ஜ் பிறந்தான். பிறந்த நாளை எவரும் குறித்து வைக்கவில்லை. அடிமையின் பிள்ளைக்குப் பிறந்த நாள் எதற்கு?

அது உள்நாட்டுப் போர்க் காலம். கொள்ளையர் கூட்டம் ஒன்று தாயையும் கைக்குழந்தையையும் கடத்திச் சென்றது. மோசஸ் அனுப்பிய ஆள் குழந்தையை மட்டுமே மீட்டு வந்தான். அதற்கு விலையாக ஒரு குதிரை கொடுக்கப்பட்டது என்பர். தாய் என்ன ஆனாள் என்பது கடைசிவரை தெரியவில்லை.

கக்குவான் இருமலால் நலிந்த அந்தப் பிள்ளை வயல் வேலைக்கு ஆகாதவன் ஆனான். வீட்டிலேயே சமையல், தையல், துணி வெளுத்தல் ஆகியவற்றைக் கற்றான். ஓய்ந்த நேரமெல்லாம் காட்டில் கழிந்தது. செடிகளை எடுத்து வந்து மறைவான ஓரிடத்தில் தோட்டம் போட்டான். அண்டை அயலார் வாடிய செடிகளை அவனிடம் கொண்டுவரத் தொடங்கினர். செடி வைத்தியன் என்ற பெயர் அந்த வயதிலேயே அவனுக்கு வந்துவிட்டது.

கல்வி தேடிய கால்கள்

அடிமை முறை ஒழிந்தது; பள்ளிக் கதவு திறக்கவில்லை. உள்ளூர்ப் பள்ளி வெள்ளையருக்கு மட்டுமே உரியது. கறுப்பினப் பிள்ளைகளுக்கான பள்ளி பல மைல் தொலைவில் நியோஷோ என்னும் ஊரில் இருந்தது. சிறுவன் ஜார்ஜ் அங்கே நடந்து போனான். மரியா வாட்கின்ஸ் என்ற பெண்மணியின் வீட்டில் வேலை செய்துகொண்டே படித்தான். பின்னர் கான்சாஸ் மாநிலத்தில் ஊர் ஊராகச் சென்று, துணி வெளுத்துப் பிழைத்து, உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தான்.

கான்சாசிலேயே ஹைலண்ட் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டார். அஞ்சலில் அனுமதி வந்தது. பெட்டியோடு போய் நின்றபோது, அவர் நிறத்தைக் கண்டதும் இடமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்! கல்லூரி வாசலில் அவர் நின்ற நிலையை நினைத்துப் பார்க்கிறேன். சேர்க்கைப் பட்டியலில் நம் பெயர் இருக்குமா என்று அறிவிப்புப் பலகை முன் நின்ற நாளில் நம் நெஞ்சு எப்படி அடித்தது! பெயர் இருந்தும் நுழைய முடியாமற் போனால் எப்படி இருந்திருக்கும்?

அவர் மனம் ஒடியவில்லை. 1890இல் அயோவா மாநிலத்தின் சிம்ப்சன் கல்லூரியில் ஓவியம் பயிலச் சேர்ந்தார். அவர் தீட்டிய பூக்களைக் கண்ட ஓவிய ஆசிரியை எட்டா பட், செடிகளின்மேல் இவருக்குள்ள பற்றைப் புரிந்துகொண்டு தாவரவியல் பயிலத் தூண்டினார். 1891இல் ஏம்ஸ் நகரிலுள்ள அயோவா வேளாண் கல்லூரியில் அவர் சேர்ந்தார். அக்கல்லூரியின் முதல் கறுப்பின மாணவர் அவரே. 1894இல் இளம் அறிவியல் பட்டமும் 1896இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். பூஞ்சைகளைப் பற்றிய ஆய்வில் தேர்ச்சி பெற்று அங்கேயே ஆசிரியப் பணியும் செய்தார். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அவருடைய ஓவியம் ஒன்று பாராட்டும் பெற்றது.

குப்பையில் ஓர் ஆய்வுக்கூடம்

வாழ்க்கை ஒரு வழியாக நிலைபெற்ற அந்த நேரத்தில் அலபாமா மாநிலத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது. அழைத்தவர் புக்கர் டி. வாஷிங்டன். அவரும் அடிமையாகப் பிறந்தவர். கறுப்பின மக்களுக்காக 1881இல் டஸ்கீகியில் தொடங்கப்பட்ட கல்வி நிலையத்தின் தலைவர். அங்கே வேளாண் துறையை நடத்த ஆள் வேண்டியிருந்தது. வசதியான அயோவாவை விட்டு, 1896இல் கார்வர் டஸ்கீகிக்குப் போனார்.

போய்ப் பார்த்தால் ஆய்வுக்கூடமே இல்லை. மாணவர்களை அழைத்துக்கொண்டு குப்பைமேடுகளுக்குப் போனார். வீசியெறிந்த பாட்டில்கள், பழைய பாத்திரங்கள், உடைந்த விளக்குகள் எல்லாவற்றையும் பொறுக்கி வந்தார்கள். மைப்புட்டியில் திரி போட்டு அடுப்பாக்கிக்கொண்டார் என்பர். அவ்வாறுதான் அந்தக் கல்லூரியின் சோதனைகள் தொடங்கின.

வெளியே மண்ணின் நிலை இதைவிட மோசம். ஆண்டுக்கு ஆண்டு பருத்தியையே போட்டுப் போட்டு நிலம் சத்திழந்து கிடந்தது. உழுதவர்களில் பெரும்பாலோர் வாரத்துக்கு நிலம் எடுத்தவர்கள். விதைக்கும் சோற்றுக்கும் கடைக்காரரிடம் கடன். பருத்திதான் பணம் தரும் என்பதால் வீட்டு வாசல்வரை பருத்தியே! காய்கறிக்கு இடமில்லை. மக்காச்சோளமும் பன்றிக் கொழுப்புமே உணவானதால் பெல்லாக்ரா என்னும் சத்துக்குறை நோய் அந்தப் பகுதியை வாட்டியது.

பயறுவகைச் செடிகளின் வேர்முடிச்சுகளே நைட்ரஜனை நிலைநிறுத்துகின்றன என்பதை ஹெல்ரீகல், வில்பார்த் என்னும் ஜெர்மன் அறிஞர்கள் மெய்ப்பித்தது 1880களில்தான். அந்தப் புதிய அறிவியலைக் கார்வர் ஏழை உழவனின் வயலுக்குக் கொண்டு வந்தார். பருத்தியை மாற்றித் தட்டைப்பயறும் நிலக்கடலையும் போடச் சொன்னார். அவை மண்ணுக்குத் தழைச்சத்து, மனிதருக்குப் புரதம். சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் பயிரிடச் சொன்னார். விலை கொடுத்து உரம் வாங்க வழியற்றவர்களுக்குக் காட்டு இலைச் சருகையும் சதுப்பு நிலச் சேற்றையும் மக்கவைத்து இடக் கற்பித்தார். உள்ளூர்க் களிமண்ணைக் குழைத்துச் சுவருக்கு வண்ணம் பூசும் முறையை 1911இல் ஒரு சிறு வெளியீடாகவே எழுதினார். எந்த யோசனைக்கும் அவர் வைத்த அளவுகோல் ஒன்றே: கையில் காசில்லாதவன் இதைச் செய்ய முடியுமா?

ஊர் தேடிச் சென்ற பள்ளி

படிக்கத் தெரியாதவர்களுக்கு வெளியீடுகள் எப்படிப் பயன்படும்? வர முடியாதவர்களைத் தேடிப் பள்ளியே போகட்டும் என்று முடிவாயிற்று. 1906இல் ஜெசப் என்ற செல்வரின் பொருளுதவியால் கோவேறு கழுதைகள் இழுக்கும் வண்டி ஒன்று தயாரானது. கலப்பை, விதை, பால் கடையும் கருவி முதலியவற்றை ஏற்றிக்கொண்டு அது ஊர் ஊராகச் சென்றது. வயலோரத்தில் நிறுத்தி, செய்து காட்டிக் கற்பித்தார்கள். வேளாண்மை விரிவாக்கப் பணிக்கு அந்த வண்டி ஒரு முன்னோடி.

பின்னர் கூன்வண்டு என்னும் பூச்சி அலபாமாவின் பருத்தியை அழித்தது. நிலக்கடலை பரவ அதுவும் ஒரு காரணமாயிற்று. 1916இல் நிலக்கடலை பயிரிடும் முறையோடு, அதை உணவாக்க 105 வழிகளையும் சேர்த்துக் கார்வர் ஒரு வெளியீடு கொண்டுவந்தார். 1921இல் கடலை இறக்குமதி வரி பற்றி அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் பேச அவருக்குப் பத்து நிமிடம் தரப்பட்டது. அவர் காட்டிய பொருள்களைக் கண்டு வியந்த உறுப்பினர்கள் நேரத்தை நீட்டிக்கொண்டே போனார்கள்.

புகழும் உண்மையும்

அறிவியல் மாணவர்களாகிய நாம் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் கார்வர் என்பது தவறு. கனடா நாட்டு எட்சன் 1884லேயே அரைத்த கடலைக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். கார்வர் நிலக்கடலையிலிருந்து 300 பொருள்கள் செய்தார் என்று பெருமையாகப் பேசுவார்கள். அவற்றுள் பல பழைய சமையல் குறிப்புகள். சந்தையில் நிலைத்தவை மிகச் சில. அவர் பெற்ற காப்புரிமைகளும் மூன்றே.

இதனால் அவர் பெருமை குறைந்துவிடுமா? குறையாது. நாம் தேடும் இடம்தான் தவறு. அவருடைய ஆய்வின் பயனைத் தொழிற்சாலையில் தேடக்கூடாது. தேறிய மண்ணிலும், பயறு வெந்த அடுப்பிலும் தேட வேண்டும்.

மணமாகாமல், எளிய வாழ்வு வாழ்ந்து சேர்த்த பணத்தை 1940இல் ஆராய்ச்சிக்கென ஓர் அறக்கட்டளையாக்கினார். 1943 ஜனவரி 5ஆம் நாள் மறைந்தார். டஸ்கீகியில் வாஷிங்டனின் கல்லறைக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். தேதி தெரியாமல் பிறந்த பிள்ளையின் பண்ணையை அதே ஆண்டில் அமெரிக்க அரசு தேசிய நினைவிடமாக அறிவித்தது.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பட்டம் வாங்கினால் இனிச் சேற்றில் கால் வைக்க வேண்டாம் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். சென்ற விடுமுறையில் அப்பாவுக்கு வேர்முடிச்சைக் காட்டி விளக்கினேன். கடலைக்குப் பின் போடும் கேழ்வரகு செழித்து வரும் என்பது தாத்தா காலத்திலிருந்தே தெரிந்ததுதான், காரணம் மட்டும் இன்றுதான் தெரிந்தது என்றார் அவர். பிறகு அந்தச் செடியை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். படித்த மகனும் படிக்காத தந்தையும் ஒரே வேரைப் பார்த்து நின்ற அந்த வேளையில், கார்வர் ஏன் அயோவாவை விட்டுப் போனார் என்பது எனக்கு விளங்கியது.