ஊமைத்துரை எழுப்பிய மண்கோட்டை

பசுவந்தனைக்கும் ஓட்டப்பிடாரத்துக்கும் உரிய கரிசல் வட்டாரத்தில் அமைந்த சிற்றூர் பாஞ்சாலங்குறிச்சி. அங்குச் செல்வோரின் கண்ணில் முதலில் படுவது, 1974ஆம் ஆண்டு தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டையே. பழைய கோட்டையோ தரையோடு தரையாய்த் தாழ்ந்து கிடக்கிறது. ஒருமுறை இடிக்கப்பட்ட அக்கோட்டையை மீண்டும் எழுப்பிப் போரிட்டவர், வீரபாண்டிய கட்டபொம்மனின் தம்பி குமாரசாமி ஆவார். பேச்சுத் திறன் குன்றியிருந்தமையால் அவரை மக்கள் ஊமைத்துரை என அழைத்தனர்.

1799ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். கோட்டை தகர்க்கப்பட்டது. ஊமைத்துரையும் உறவினரும் பாளையங்கோட்டையில் சிறை வைக்கப்பட்டனர். 1801 பிப்ரவரி 2ஆம் நாள் அவர்கள் சிறையிலிருந்து தப்பினர். ஒரு வாரத்திற்குள் அங்கு வந்த ஆங்கிலப் படை, தான் தரைமட்டமாக்கிய மதில்கள் மீண்டும் எழுந்து நிற்பதையும், ஏறத்தாழ 1500 வீரர்கள் அவற்றைக் காத்து நிற்பதையும் கண்டு திகைத்தது. தாக்க அஞ்சிப் பின்வாங்கியது.

அம்மதில் கல்லாலானது அன்று. நன்கு இறுகும் மண்ணாலானது. கோட்டையின் நீளம் ஏறத்தாழ 500 அடி, அகலம் 300 அடி, சுற்றிலும் முள்வேலி. பீரங்கிக் குண்டு பட்டால் கல் சிதறும். மண்ணோ குண்டைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். மார்ச் 31ஆம் நாள் மதிலின் உடைப்பில் ஏறிய ஆங்கில வீரர்களை உள்ளிருந்தோர் நீண்ட ஈட்டிகளால் வீழ்த்தினர். அன்றைய தாக்குதல் தோற்றது.

அப்போரில் பங்கேற்ற வெல்ஷ் என்னும் ஆங்கில அதிகாரி, ஊமைத்துரை ஆணையிடும் முறையைத் தம் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்துள்ளார். ஊமைத்துரை இடக்கையில் சில வைக்கோல் துரும்புகளை எதிரிப் படையாகப் பரப்புவார். வலக்கையால் அவற்றை ஒரே வீச்சில் துடைத்தெறிவார். அதுவே தாக்குதலுக்கான ஆணை. பகைவர் ஒருவரே இதனை வியந்து எழுதியிருப்பது எண்ணத்தக்கது.

கூடுதல் பீரங்கிகளுடன் ஆங்கிலப் படை மே 24ஆம் நாள் கோட்டையைக் கைப்பற்றியது. காயமுற்ற ஊமைத்துரை தப்பிச் சென்று சிவகங்கையின் மருதுபாண்டியரோடு இணைந்தார். காளையார்கோவில் வீழ்ந்தபின் சிறைப்பட்டார். நவம்பர் 16ஆம் நாள், தாம் எழுப்பிய கோட்டை நின்ற பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிடப்பட்டார்.

கோட்டை மீண்டும் எழாதிருக்க ஆங்கிலேயர் அந்நிலத்தை உழுது ஆமணக்கு விதைத்தனர் என்பது அப்பகுதி மக்கள் வழக்கு. ஏர் முனை மேல்மண்ணையே கிளறியது, அடித்தளத்தைத் தொடவில்லை. 1968-69இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அகழாய்வு நடத்தி, மண்ணுள் கிடந்த கட்டுமான அடித்தளங்களை வெளிக்கொணர்ந்தது. அவற்றுக்குச் சற்றுத் தொலைவில், அப்போரில் மடிந்த ஆங்கிலேயரின் கல்லறைகளும் உள்ளன.